பதினாலாம் நம்பர் கேமரா

கைப்பேசியில் பாலம் காலியாக இருந்தது. அந்தப் பாலத்தின் நடுவில்தான் ஓரெஸ்ட் ஹ்ரின்சுக் நகர வழியில்லாமல் காரோடு நின்றுகொண்டிருந்தான்.

மறுபடியும் பார்த்தான். பதினாலாம் நம்பர் கேமரா, நேரலை, காலை ஏழு நாற்பது. மஞ்சள் விளக்கு, வெள்ளைச் சாலை, ஈ காக்கை இல்லை. தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். முன்னால் முந்நூறு கார், பின்னால் முந்நூறு கார். பக்கத்து வண்டிக்காரன் முகச்சவரத்தை முடித்துவிட்டு நகம் வெட்ட ஆரம்பித்திருந்தான்.

அன்று மைனஸ் முப்பத்தி நாலு. போன வாரத்துக்கு இது தேவலை என்று எங்கள் தெரு நாய்கள் வெளியே வந்து பேசிக்கொண்டிருந்த நாள்.

ஓரெஸ்ட் எட்டு மணிக்குக் கர்லிங் அரங்கத்தில் இருக்க வேண்டும். கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம் அது. அந்தத் தரையைச் சீவி, பன்னீர் தெளிப்பதுபோல் நீர்த்துளி தெளித்து, கல் ஓடுகிற பதத்துக்குக் கொண்டுவருவது அவன் வேலை. எட்டரைக்கு மூத்தோர் அணி இறங்கும். பன்னிரண்டு பேர், மொத்த வயது தொள்ளாயிரத்து நாற்பது. அதில் எண்பது என்னுடையது.

அன்று செவ்வாய்க்கிழமை. அவன் வந்து சேர்ந்தபோது எட்டு இருபது.

"வாய்யா, ஐஸ்கார ராசா! கேமரா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார் எங்கள் அணித் தலைவர் வால்ட்டர். துடைப்பத்தை நாடிக்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

"காலின்னு சொல்லுச்சு."

"நீ என்ன பண்ணினே?"

"நம்பினேன்."

"நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். பனி கொட்டுச்சு. பெருசா சுத்திக்கிட்டு வந்துட்டேன். ஜன்னலுக்குச் சார்ஜ்கூடப் போட வேண்டாம்யா."

ஓரெஸ்ட் நேரே தரைக்கு நீர் தெளிக்கப் போனான். ஊரிலிருக்கும் நாற்பது கேமராவும் அவனுக்கு மனப்பாடம். எதன் கண்ணாடியில் எந்த மூலையில் உறைபனி கட்டும் என்பதுவரை தெரியும். அவற்றைச் சீர்திருத்த வழி சொல்லிப் போக்குவரத்து ஆபீசுக்குப் பதினோரு கடிதம் எழுதியிருந்தான், அரங்கத்துப் போன் நம்பரையும் போட்டு. அப்படிப்பட்டவனை ஜன்னலோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும்?

நாங்கள் குடியிருக்கும் மேட்டிலிருந்து ஆற்றுக்கு மூன்று சரிவு இறங்குகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பாலம். பதினாலாம் நம்பர் பார்ப்பது பெரிய பாலத்தை. இருபத்திரண்டு, இரும்புப் பாலத்தை. ஒன்பது, ரயில் பாலத்தை. சரிவில் எப்போதும் கூட்டம் இருக்காது. ஊர்ச் சாலை வந்து சேருகிற பாலத்தின் தலையில்தான் எல்லா நெரிசலும். ஆனால் இறங்கினால் இறங்கினதுதான். அந்த வழுக்கலில் திரும்பி மேலே ஏறுவது கர்லிங் கல்லாலும் ஆகாது.

நவம்பரில் எதிர்வீட்டு ஜிம் அப்படித்தான் சரிவிலிருந்து காரோடு பனிக்குள் போய்விட்டான். நாற்பது நிமிஷம் யாருக்கும் தெரியாது. கடைசியில் தோண்டி எடுத்தார்கள். ஓரெஸ்டின் மனைவி ஸ்டெஃபா நர்சாக இருக்கிற வார்டில்தான் மூன்று வாரம் கிடந்தான்.

"சீக்கிரமே கிளம்பலாமே ஓரெஸ்ட்?" என்று அரங்கத்து மேலாளர் வாலெரி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஸ்டெஃபாவுக்கு ராத்திரி வேலை. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இடைவேளை கிடைக்கும். அவள் வார்டிலும் இவன் அடுக்களையிலும் ஆளுக்கொரு காபியை வைத்துக்கொண்டு போனில் பேசியபடி காலை உணவை முடிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அந்தப் பத்து நிமிஷத்தை அவன் யாருக்கும் தரமாட்டான்.

நவம்பரிலிருந்து அந்தப் பேச்சு ஒரே கேள்வியில்தான் முடிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு எந்த வழியாப் போறே?"

இந்தக் கேள்வியில் ஓரெஸ்டுக்கு ஏகப்பட்ட பெருமை. தன்னுடைய கேமரா ஞானத்தை உலகத்தில் ஒருத்தியாவது மதிக்கிறாளே!

புதன்கிழமை இரும்புப் பாலத்துக்கு மாறினான்.

"இருபத்திரண்டுதான்," என்றான் போனில். "ஏழு மணிக்கு நாலே கார். பிரமாதமா இருக்கு."

"நிச்சயமா? கடைசி நிமிஷத்துல மாத்த மாட்டியே?"

"நான் எப்ப மாத்தியிருக்கேன்?"

போனை வைத்துவிட்டுக் கார் கண்ணாடியில் உறைந்திருந்ததைக் கால்மணி நேரம் சுரண்டினான். அதற்குள் ஊர் விழித்துக்கொண்டுவிடும் என்பதால் கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை கேமரா பார்ப்பது அவன் வழக்கம். பார்த்தான். அந்த நாலு காரும்கூட இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது சாலை. சந்தோஷமாக இறங்கினான்.

அன்று வந்து சேர எட்டரை ஆயிற்று.

"நேத்துக்கு இன்னைக்குப் பத்து நிமிஷம் முன்னேற்றம்," என்றார் வால்ட்டர்.

வியாழக்கிழமை ரயில் பாலம், ஒன்பதாம் நம்பர். கடைசியாக ஒருமுறை பார்ப்பதால்தானே ஏமாறுகிறோம், காரில் ஏறி உட்கார்ந்து கிளம்புகிற நொடிவரை கண்ணை எடுக்காமல் பார்த்தால் என்ன என்று தோன்றியது. போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி வந்தான், ஏறினான், கிளப்பினான். இன்ஜின் உறையாமலிருக்க ராவெல்லாம் சுவரில் செருகி வைக்கிற வயரை மட்டும் கழற்றவில்லை.

பன்னிரண்டு மீட்டர் ஆரஞ்சு வயர். அதன் நுனியில் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த ப்ளக் பெட்டி. பெட்டியோடு ஒரு துண்டுப் பலகை. அந்தப் பலகையில் ஒரு முயல் கொஞ்ச தூரம் சவாரி செய்தது என்று ஜிம் சொல்கிறான். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது அணிலாக இருக்கலாம்.

ஒன்பதாம் நம்பர் காலியென்று காட்டிய பாலத்தில் அரைமணி நேரம் நின்றான். அதைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீடு பின்னாடியே வருது."

அன்று எட்டு ஐம்பது. எங்களில் இரண்டு பேர் நின்றவாக்கிலேயே தூங்கிவிட்டார்கள்.

வாலெரி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். கோபம்கூடப் படவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு வெளியூர் அணி வருது ஓரெஸ்ட். எட்டரைக்குத் தரை ரெடியா இருக்கணும். இல்லேன்னா காலை ஷிஃப்டை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உங்களைச் சாயங்காலத்துக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. மூணு மணிலேர்ந்து பதினொண்ணு."

சாயங்கால ஷிஃப்ட் என்றால் என்ன என்று அவன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இப்போது நாலரைக்கு வீடு திரும்பினால் ஸ்டெஃபா தூங்கி எழுந்திருப்பாள். ஒன்பது மணிக்கு அவள் கிளம்பும்வரை இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அவர்களுடைய கல்யாணம் நடப்பதே அந்த நாலரை மணி நேரத்தில்தான்.

அன்று சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டிச் செய்திருந்தாள். ஓரெஸ்ட் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு வயரைக் கழட்ட மறந்துட்டே, இல்லே?" என்றாள் ஸ்டெஃபா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஒரு கணம் தாமதித்தாள். "சுவத்துல இவ்ளோ பெரிய ஓட்டை இருக்கே."

நியாயம்தான் என்று பட்டது அவனுக்கு.

வாலெரி சொன்னதைச் சொன்னான். ஸ்டெஃபா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாயங்காலம் மாத்திட்டா என்ன பண்றது?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை நீ தூங்குவே."

"பக்கத்துல உக்காந்து பாரு. நான் வேண்டாம்னா சொல்றேன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் கேட்டாள். "இன்னைக்கு எந்த வழி?"

"பதினாலு. பெரிய பாலம்."

"மெதுவாப் போ."

"லேட்டாப் போனா வேலை மாறிடும் ஸ்டெஃபா."

"மாறட்டும். நீ மெதுவாப் போ."

கண்ணாடியைச் சுரண்டினான். வயரைக் கழற்றினான். கழற்றிய வயரைக் கையில் பிடித்து இரண்டு முறை பார்த்துக்கொண்டான். கடைசியாகக் கேமராவைத் திறந்தான். பதினாலாம் நம்பர். மஞ்சள் விளக்கு, வெள்ளைச் சாலை, ஒரு ஜீவன் இல்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக ஓரெஸ்டுக்குச் சந்தேகம் வந்தது. ஆறு லட்சம் பேர் இருக்கிற ஊரில் ஏழு இருபத்தைந்துக்குப் பெரிய பாலத்தில் ஒரு கார்கூட இல்லையா? ஊர்க்காரர்கள் எல்லாரும் நீந்தியா போகிறார்கள்?

திரும்ப உள்ளே போனான். போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடினான். வெளியே வந்து, வால்ட்டர் செய்வதுபோல், தலையைத் தூக்கிப் பார்த்தான். தெருமுனையில் நீல விளக்கு மின்ன உப்புத் தூவிக்கொண்டு ஒரு பனி அள்ளுகிற லாரி ரயில் பாலத்துச் சரிவில் திரும்பிக்கொண்டிருந்தது. தாய் வாத்தைத் தொடரும் குஞ்சு மாதிரி அதன் பின்னாலேயே இறங்கினான். லாரி பாலத்தைத் தாண்டியது. அவனும் தாண்டினான்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அரங்கத்தின் பூட்டைத் திறந்தான்.

அன்று அவன் போட்ட தரையைப் போல் நான் பார்த்ததில்லை. வெளியூர் அணித் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வால்ட்டர் விட்ட கல் எல்லை தாண்டி, சுவரில் தட்டி, வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது.

"காலை ஷிஃப்ட் உங்களுக்குத்தான்," என்றாள் வாலெரி.

ஓரெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து நாலு நாளுக்குப் பிறகு முதல் மூச்சை விட்டான். நாலரை மணிக்கு வீட்டுக்குப் போய் ஸ்டெஃபாவிடம் இதை எந்த வார்த்தையில் ஆரம்பித்துச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் போன் அடித்தது.

"போக்குவரத்துக் கேமரா ஆபீசாம்," என்று வாலெரி போனை நீட்டினாள். "உங்களைத்தான் கேக்கறாங்க."

ஓரெஸ்ட் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பதினோரு கடிதத்துக்கும் பதில் வந்துவிட்டது! நாங்கள் பன்னிரண்டு பேரும் துடைப்பத்தோடு கிட்டே போனோம். எங்களுக்குக் காது மந்தம் என்பதால் வாலெரி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஓரெஸ்ட் சாரா? நான் பெர்னிஸ். கேமராவைத் திருப்பற வேலை. உங்க கடிதத்துல இருந்த நம்பரைத் தேடிப் பிடிச்சேன். நல்லா இருக்கீங்கதானே? அடி கிடி ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன? நல்லா இருக்கேன். பதினாலாம் நம்பர் விஷயமாத்தானே? அது பொய் சொல்லுதுங்க. மூணு கேமராவும் பொய் சொல்லுது."

"அதை அப்புறம் பேசுவோம் சார். நீங்க எந்த வழியா வந்தீங்க?"

"ரயில் பாலம்."

"போச்சு! பதினாலுன்னு சொல்லிட்டு ரயில் பாலத்துல போவீங்களா?"

"பதினாலுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"பெரிய பாலத்துச் சரிவுல ஒரு அம்மா மண்வாரியை வெச்சுக்கிட்டுப் பனிமேட்டைத் தோண்டிக்கிட்டு இருக்காங்க சார். நர்ஸ் உடுப்பு, மேல பச்சைக் கோட்டு. மூணாவது மேட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க போனை எடுக்கவே மாட்டேங்கறீங்களாம்."

ஓரெஸ்ட் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தான். "ஸ்டெஃபா? அவ எதுக்கு அங்க... நான் அந்த வழியா வரலைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நவம்பர்லேர்ந்து தினம் ஏழேகாலுக்கு அவங்க எனக்குப் போன் பண்றாங்க சார், நீங்க பத்திரமா இறங்கறதைத் தன் கண்ணால பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்னு, அதுக்காகத்தான் நீங்க எந்தப் பாலம்னு சொல்றீங்களோ அந்தக் கேமராவைப் பாலத்துலேர்ந்து எடுத்து, எட்டு மணி வரைக்கும் சரிவுப் பக்கமே திருப்பி வெச்சிருக்கேன்!"