அச்சுதன் கழற்றிய பெட்டி

திறந்த சிப்புக்காரர் என்றோர் இனம் நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் பெருகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் விழுவதற்குள் உங்கள் போனுக்குள் இருப்பது யாருடைய சிப்பு என்று கேட்பார். நீங்கள் விழித்தால், அதன் வடிவமைப்பு எவனோ ஒரு கம்பெனிக்காரன் சொத்து, ஆனால் ரிஸ்க்-ஃபைவ் என்று ஒரு திறந்த வடிவமைப்பு இருக்கிறது, அதை யாரும் யாரிடமும் கைகட்டி நிற்காமல் எடுத்துச் சிப்பு செய்துகொள்ளலாம் என்று ஆரம்பித்து, பாயசம் வந்த பிறகும் முடித்திருக்க மாட்டார். பாயசத்தை யார் கவனித்தது?

கல்லூரி ஆசிரியர் அச்சுதன் இந்த இனத்தில் முதல்தரம். அவருடைய அக்கா பாகீரதி திருவையாற்றுக்குப் பக்கத்தில் பள்ளத்து நிலத்தில் சம்பா பயிரிடுகிறாள். வயலில் தண்ணீர் ஏறினால் தானாக மோட்டாரை ஓட்டி வடிகாலுக்கு இறைக்கும் பெட்டி ஒன்றைத் தம்பிதான் செய்து கொடுத்திருந்தார். போன மழைக்கு அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. ஆனால் உள்ளே இருந்தது பூட்டிய கம்பெனிச் சிப்பு. கொள்கைக்காரருக்குத் தூக்கம் வருமா? ஐப்பசி பிறந்ததும், மோட்டார் சுவிட்சோடு சேர்த்துப் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்துவிட்டார்.

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தௌபீக் அவருடைய உயிர் நண்பர், அதாவது பரம விரோதி. அவரும் திறந்த சிப்புக்காரர்தான். அச்சுதன் ரிஸ்க்-ஃபைவ் என்றால் இவர் கட்சி ஓப்பன்பவர். பெரிய சர்வர்களுக்கான அந்த வடிவமைப்பு ஒற்றை மோட்டாருக்கு எதற்கு என்று அச்சுதன் கேட்க, நாளைக்கே அக்கா நூறு மோட்டார் வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று தௌபீக் மடக்க, திறந்த சிப்புக்காரர்களின் வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. பெட்டி மேஜைமேல் காலியாகக் கிடந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பாகீரதி போன் செய்தாள்.

"அச்சுதா, பயிரோட நுனி மட்டும்தான் தெரியறது. பெட்டி எங்கடா?"

"கொஞ்சம் பொறுக்கா. எந்தச் சிப்புன்னு இன்னும் முடிவாகலை."

"பழசையே மாட்டிடேன்."

கேவலம் ஒரு வயலுக்காக, கூடப்பிறந்தவளே கொள்கையை விடச் சொல்வாள் என்று அச்சுதன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பக்கத்து வயல்காரர் துரைராசு வீட்டு ஆயில் எஞ்சினை இரவல் வாங்கி பாகீரதி தண்ணீரை இறைப்பதற்குள் பாதி வயல் அழுகிவிட்டது. வரப்பில் நின்று பார்த்த அச்சுதனுக்கு நிஜமாகவே வருத்தம்தான். வீட்டுக்கு வந்து, ஓப்பன்பவருக்காகக் காத்திருந்தால் முழு வயலும் போயிருக்கும் என்று குழுவில் எழுதிய பிறகுதான் மனசு ஆறியது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். மிச்சப் பாதியாவது பிழைத்ததா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கடைசியில் எந்தச் சிப்பைத்தான் போட்டார் என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது, இல்லையா? அப்படியானால் தயவுசெய்து மழைக்காலத்தில் யார் வயல் பக்கமும் போகாதீர்கள்.