நாலாவது நாற்காலிக்கு ஒரு விமர்சனம்

இந்திய நாவல்களத் திருத்தாம விடறதில்லன்னு நஸ்ருதீன் முடிவு பண்ணது ஒரு மத்தியானச் சோத்துக்கு அப்புறம். பொண்டாட்டியோட அண்ணன் அலாவுதீன் வந்து, கீழவாஞ்சூர் துறைமுகத்துல நிலக்கரி லாரிய எடை போட்டு அனுப்ப ஆள் கேக்குறாங்கன்னு சொல்லிட்டுப் போன அதே மத்தியானம்.

"நான் விமர்சகன் புள்ள," ன்னான் பொண்டாட்டி சித்திக்காகிட்ட. "நாவல எடை போடுறவன். என்னையப் போய் நிலக்கரிய எடை போடச் சொல்றாரு உங்கண்ணன்."

"நிலக்கரிக்குச் சம்பளம் தர்றாங்க மச்சான்."

"நாவலுக்குப் பொன்னாட தர்றாங்க."

"போன தடவ வாங்குனதுலதான் ஃபேன் தொடச்சேன். தூசியே ஒட்ட மாட்டேங்குது."

நஸ்ருதீன் இன்ஜினியரிங் படிப்ப பாதில விட்டவன். செல்போன் கடைய பாதில விட்டான். ஜிம்ம பாதில விட்டான். நாவல மட்டும் ஆரம்பத்துலயே விட்டுருவான். முன்னட்ட, பின்னட்ட, நடுவுல ஒரு பக்கம், அவ்வளவுதான் படிப்பு. அது மேல 'வாழ்வின் பன்முகத்தன்மை'ன்னு கொஞ்சம் தூவுவான். கொத்தமல்லித்தழ மாதிரி, எந்தக் கொழம்புக்கும் ஒத்துக்கும்.

இந்தத் தடவ மாட்டிக்கிட்டான். ஞாயித்துக்கெழம காரைக்கால்ல விமர்சனக் கூட்டம், பேசப் போறது இவன். 'நாலாவது நாற்காலி'ன்னு ஒரு நாவல். அத எழுதுன இளையபெருமாளே நேர்ல வர்றாரு. முன்னட்டைல ஒரு நாற்காலி. பின்னட்டைல கதச் சுருக்கம் கெடையாது, இளையபெருமாள் போட்டோ மட்டும். அவரும் 'இது என்ன கத'ன்னு நம்மளக் கேக்குற மாதிரியே பாக்குறாரு. உள்ள தலகாணி கனத்துக்குப் பக்கம்.

ஒரு பக்கம் படிப்பான். எந்திரிப்பான். போனுக்கு சார்ஜ் போடுவான். டீ குடிக்கப் போவான். திரும்பி வந்தா அதே பக்கம் அங்கயே உக்காந்திருக்கும்.

சித்திக்கா போன்லயே அபாயா அங்கி விக்கிறவ. பார்சல் ஒட்டுற எடவெளியில அந்த நாவல முழுசா முடிச்சிட்டா.

"சரி புள்ள, ஒரு ஒப்பந்தம்," ன்னான். "கூட்டத்துல சொதப்பிட்டேன்னா திங்கக்கெழம லாரிக்குப் போறேன். கைதட்டு வாங்கிட்டேன்னா, இந்த வீட்ல வேலங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

"எதுக்கு மச்சான் அவ்வளவு? மேடைல நீங்க என்ன சொல்றீங்களோ அதான். அதுக்கு மேல இந்த வீட்ல யாரும் பேச மாட்டோம்."

இவ்வளவு சல்லிசா முடியும்னு நஸ்ருதீன் நெனக்கல. "அப்ப கதையச் சொல்லு. நான் படிச்சதும் நீ படிச்சதும் ஒண்ணான்னு சரிபாக்கணும்."

"சரிபாத்துக்கிட்டே இந்த டேப்ப ஒட்டுங்க," ன்னு பார்சல முன்னாடி தள்ளுனா. "ஒருத்தன். பொண்டாட்டி வீட்டோட இருக்கான்."

நஸ்ருதீனுக்குச் சந்தேகமே வரல. திருமலைராயன்பட்டினத்துல அவன் தெருவுல பொண்ணுக்குத்தான் வீடு. கட்டிக்கிட்ட மாப்பிள்ளைங்க எல்லாம் பொண்டாட்டி வீட்லதான். அதுல அவன் என்ன அதிசயத்தக் கண்டான்.

"வீட்ல நாலு நாற்காலி. மூணு எல்லாருக்கும். நாலாவது அவனுக்கு. காலைல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிப்பான்."

"என்ன நாற்காலி?"

"பிரம்பு நாற்காலி."

"வசதியான சோம்பேறி," ன்னான் நஸ்ருதீன், பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து இன்னொரு பிளாஸ்டிக் சேர் மேல கால நீட்டிக்கிட்டு. "வேலவெட்டி?"

"கவித எழுதுறேம்பான்."

"அதானே. விமர்சகனா இருந்தா இந்த நெலமைக்கு வருவானா? அப்புறம் என்ன ஆச்சு?"

"பொண்டாட்டி சம்பாதிப்பா. இவன் காப்பில சீனி கொறச்சல்னு சொல்லுவான்."

"அட கேடுகெட்ட பயலே," ன்னான். காப்பிய ஒரு வாய் குடிச்சான். "இதுல சீனி பத்தல புள்ள. அப்புறம்?"

அவ சொல்லச் சொல்ல இவன் ஒட்டுனான். ஒரு வாரத்துப் பார்சலும் முடிஞ்சிது. வாழ்க்கையில அவன் மொதமொதலா பாதில விடாம முடிச்ச காரியம் அது. கடைசி அத்தியாயம் மட்டும் அவ சொல்லல. "முடிவ மேடைல சொல்லக் கூடாதாமே மச்சான்," ன்னுட்டா.

ஞாயித்துக்கெழம. ஹால்ல மொத வரிசையில அலாவுதீன். இலக்கியத்துக்கும் அவருக்கும் நிலக்கரி லாரி போற தூரம். பக்கத்துல சித்திக்கா, போன தூக்கிப் புடிச்சு வீடியோ எடுத்துக்கிட்டு. நஸ்ருதீனுக்குப் பெருமை. மைக்கப் புடிச்சான்.

"இந்த நாவலோட வில்லன் யாரு தெரியுங்களா? அந்தப் பிரம்பு நாற்காலி. அதுல உக்காந்திருக்கவன் மேல பாதிப் பேர் பரிதாபப்படுவீங்க. படாதீங்க. அவன் கவிஞன் இல்லீங்க, கவித ஒரு சாக்கு. அந்தப் பொண்ணு நெத்தி வேர்வ சிந்திச் சம்பாதிக்கிறா, இவன் சீனிய அளக்குறான். நான் அந்தப் பொண்ணா இருந்தா என்ன செய்வேன் தெரியுங்களா? திங்கக்கெழம காலைல எழுப்பி, கையில டிபன் டப்பாவக் குடுத்து, எந்த வேல கெடச்சாலும் போய்யான்னு பஸ் ஏத்திவிட்ருவேன். அதான் இலக்கிய நியாயம்."

ஹால் அதிர்ந்துச்சு. அலாவுதீன் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு.

இளையபெருமாள் ஏற்புரைக்கு வந்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "என் நாவல இப்படி யாரும் வாசிச்சதே இல்ல," ன்னாரு. "எனக்கே தெரியாத ஒரு மனுஷன நண்பர் உள்ள கண்டுபிடிச்சிருக்காரு." மறுபடி கைதட்டு. பொன்னாட. நஸ்ருதீன் தரையில நிக்கல.

கீழ எறங்குனப்ப இளையபெருமாள் அவன் தோளத் தொட்டாரு. "தம்பி, நம்ம நாவல் தாலுகா ஆபீஸ் கத. நாற்காலி தாசில்தாரோடது. இந்த மாப்பிள்ள எங்கேர்ந்து வந்தான்?"

நஸ்ருதீன் பொன்னாடையோட வெளிய ஓடி வந்தான். சித்திக்கா வண்டிகிட்ட நின்னா.

"அந்தக் கத நாவல்ல இல்லியா புள்ள?"

"தாசில்தார் கதையச் சொன்னா நீங்க கேட்ருக்க மாட்டீங்க மச்சான்."

"அப்ப அந்தாளு யாரு?"

அவ போன நீட்டுனா. வீடியோவுல அவனே கைய ஆட்டிப் பேசிக்கிட்டு இருந்தான். எந்த வேல கெடச்சாலும் போய்யா.

"பிரம்பு நாற்காலின்னு சொன்னியே," ன்னான் மெதுவா.

"பிளாஸ்டிக்குன்னு சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான்."

அலாவுதீன் பக்கத்துல வந்து நின்னாரு. "கைதட்டு வாங்கிட்டீங்க மாப்ள. மேடைல நீங்க சொன்னதுதான். அதுக்கு மேல நாங்க யாரும் பேசல."

திங்கக்கெழம காலைல கீழவாஞ்சூர் பஸ்ல, டிபன் டப்பாவும் கையுமா நஸ்ருதீன் ஏறுனான். உக்கார எடம் இல்ல.