லைன் அண்ணாச்சி கொடுத்த பத்து நிமிடம்

மும்பை ஆகாயத்தில் கோடீஸ்வரர்களை வரிசையில் நிற்க வைத்தவர் ஒருவர்தான் உண்டு. தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் லைன் அண்ணாச்சி.

விமான நிலையத்தில் சொந்த விமானங்களுக்கு நேரம் ஒதுக்கும் மேஜை அவருடையது. டிக்கெட் வாங்கி ஜனங்கள் வரும் விமானங்களுக்கு ஏற்கெனவே அட்டவணை உண்டு. அதில் கிடைக்கும் இடைவெளிகளில்தான் சொந்த விமானக்காரர்களை நுழைப்பார். எந்த முதலாளி பேசினாலும், எந்த மந்திரியின் மச்சான் பேசினாலும் பதில் ஒன்றே: "லைன் மே ஆவோ." வரிசையில் வா என்று அர்த்தம்.

ஆபீசோடு விட்டாரா? ஞாயிறு காலை கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் தோசைக்குக் காத்திருக்கும் கூட்டத்தையும் அவரே ஒழுங்கு செய்வார். ஒற்றை நாற்காலி காலியானால், "நாலு பேருக்கு எடமில்ல, ஒத்த ஆளு உள்ள போங்க" என்று பின்னால் தனியாக நிற்பவரை அனுப்பிவிடுவார். சட்டம் அவர் வீட்டுக்கும் உண்டு. அவரும் மனைவியும் மகளும் மூன்று மேஜைகளில் உட்கார்ந்து சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் செம்பூர்க்காரன். சொந்த விமானங்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு கம்பெனியில், அண்ணாச்சிக்கு போன் போட்டு நேரம் கேட்பதுதான் என் உத்தியோகம். சாயங்கால நெரிசலில் எங்கள் விமானங்களுக்கு அனுமதி கிடையாது. நோயாளி இருந்தால் மட்டும் விலக்கு. ஒரு நாள் முதலாளி சொன்னாரென்று, "ஹார்ட் பேஷன்ட் அண்ணாச்சி" என்று கூசாமல் அளந்தேன். உள்ளே இருந்தது ஒரு கல்யாணக் கோஷ்டி.

விமானம் வந்து நின்றால், கீழே ஆம்புலன்ஸ், டாக்டர், ஸ்ட்ரெச்சர். பக்கத்தில் அண்ணாச்சி. "பேஷன்ட் கௌன் ஹை?" நோயாளி யார் என்று கேட்டார். மருதாணிக் கைகளோடு பெண்கள் விழித்தார்கள். காகிதத்தில் ஒரு நோயாளி இருக்கிறார், அவர் படுக்காமல் யாரும் வெளியே போக முடியாது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தலைப்பாகையோடு படுத்தார். ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு கிளம்பியது.

நான் சிரித்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இனிமே நீ சொல்லுததை நான் எப்பிடிலே நம்ப?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். கொட்டுகிற மழையில் விமானங்கள் இறங்க இடமில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. நாந்தேட் ஊரிலிருந்து எங்கள் பைலட் கூப்பிட்டார். பிறந்து மூன்றே நாளான குழந்தை, இதயத்தில் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்குள் மும்பை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இங்கே நேரம் கிடைத்தால்தான் அங்கே கிளம்ப முடியும். நான் சொன்ன பொய்க்கு இந்தப் பிள்ளை பலியாகிவிடுமோ என்று பயந்துகொண்டே போனை எடுத்தேன்.

"அண்ணாச்சி, கொழந்தை. இது நெசம். சத்தியமா நெசம்."

அண்ணாச்சி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆம்புலன்ஸ் நம்பரைச் சொல்லு."

சொன்னேன்.

"கெளம்பச் சொல்லு. மத்ததை நான் பாக்கேன்."

குழந்தை இறங்கியது. அதற்காக மதுரையிலிருந்து வந்த பயணிகள் விமானம் மேலேயே இன்னொரு சுற்று சுற்றி, பத்து நிமிடம் தாமதமாக வந்தது. அதில் வந்தவர்களில் அண்ணாச்சியின் மனைவியும் ஒருவர். "மேல சுத்தும்போதே நெனச்சேன், இது இந்த மனுசன் வேலைதான்னு!" என்று விமான நிலைய வாசலிலேயே அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை பிழைத்துவிட்டது என்று ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "என்னை எப்படி நம்பினீங்க?"

"யாருலே ஒன்னை நம்புனா? பொய்யின்னா ஒன் மொதலாளியை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சிருப்பேன். நெசமா இருந்துட்டா? பச்சப்புள்ளையப் போயி லைன்ல நிக்கச் சொல்லுததா?"

அதற்குப் பிறகு எந்த முதலாளிக்காகவும் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறு காலை கிங்ஸ் சர்க்கிளில் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். சர்வர் எனக்குத் தெரிந்தவர். ஜாடை காட்டி உள்ளே கூப்பிடுகிறார். நான் போவதில்லை. அண்ணாச்சியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.