திருப்பி அனுப்பியதைத் திருப்பி அனுப்பவும்

எண்: 1 (புது வரிசை)

பொருள்: அஞ்சலட்டைப் பரிமாற்ற வட்டத்திலிருந்து என் பெயரை உடனடியாக நீக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: "நீயா கூப்பிடற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன்" என்று என் வீட்டு வாசலில் நின்று நீ விடுத்த வாய்மொழி அறிவிப்பு.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே இடது முழங்கால் நீங்கலாக அனைத்தும் நலம். அங்கே நீ, உன் மனைவி, சின்னவள் மூவரின் நலத்தையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுதவும். 'எல்லாரும் நலம்' என்று மொத்தமாக எழுதினால் ஏற்கப்படாது.

நாம் பேசி எட்டு மாதமாகிறது. அக்கா சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உன் மனைவியிடம் ஓடாதே. இது முழுக்க முழுக்கப் பெயர் நீக்கம் பற்றிய கடிதம். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் சொன்னால் நாளைக்கே 'அப்படிச் சொல்லவே இல்லையே' என்று சாதிப்பாய், எழுத்தில் இருந்தால் ஆதாரம். நீ வீடு மாறியதை எனக்குச் சொல்லவில்லை. இருந்தும் புது முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வாய். அதையும் சொல்கிறேன். ஆனால் வரிசைப்படிதான் சொல்வேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

முதலில் பழைய கோப்பு. முப்பத்து நாலு வருடம் ஆபீஸ் தபால் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு நான் ஓய்வுபெற்ற அன்று, உன்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் ஹாஸ்டல்ல இருந்தப்போ எங்க அக்கா லெட்டர் போடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் மேல நம்பர் இருக்கும். நான் பதில் போடலன்னா நினைவூட்டல் ஒண்ணு, நினைவூட்டல் ரெண்டுன்னு வரும்" என்றாய். மண்டபமே சிரித்தது. மேலதிகாரி வாயிலிருந்த டீ மேஜை முழுக்கத் தெறித்தது. நீயும் சிரித்தாய். அந்தப் பிரிவில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நினைவூட்டல் மேடம்' என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். என் முகத்துக்கு நேராகச் சிரித்தது அன்றைக்குத்தான். நீ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் கேட்கவில்லை, பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தை இடுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வாசலில் நடந்தது உனக்கே தெரியும்.

பத்தாம் நாள் ஒரு காகிதம் வந்தது. தமிழில் எழுதுகிறவர்களுக்கான அஞ்சலட்டை வட்டம் ஒன்றில் 'தங்கள் தம்பி அவர்கள்' என் பெயரைப் பதிந்துவிட்டாராம். ஐந்து பேருக்கு அட்டை அனுப்ப வேண்டுமாம். எனக்கும் அட்டைகள் வருமாம். பேசாமல் இருக்கிற ஆசாமி, என் பெயரை மட்டும் பதிவது என்ன பழக்கம்? ஆனால் காகிதத்தில் எண் போட்டு வந்துவிட்டதே, நடவடிக்கை எடுக்காமல் இருக்க என் கை கேட்குமா? ஐந்து அட்டை வாங்கி ஐந்து பேருக்கும் அனுப்பினேன். வந்த தபால், போன தபால் என்று இரண்டு பதிவேடு கோடு போட்டுத் தயார் செய்தேன். கடிகாரம் அவர்களாகக் கொடுத்தது. நானாகக் கேட்டு வாங்கிவந்தது பிரிவின் பழைய ரப்பர் முத்திரைகள். அவற்றை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை.

அடுத்த வாரம் பாலம் படம் போட்ட ஓர் அட்டை வந்தது. அனுப்பியவர் யாரோ ஒரு ரொட்டிக்கடைக்காரர். அவருக்கு நான் எழுதவே இல்லை! என் ஐந்து பேர் பட்டியலில் அவர் கிடையாது. எனக்குச் சம்பந்தமில்லாத தபால் எனக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். 'எங்களைச் சார்ந்ததல்ல' என்ற முத்திரையைக் குத்தி, புதுத் தபால்தலை ஒட்டி, அவருக்கே திருப்பி அனுப்பினேன். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கேட்காதே. முப்பத்து நாலு வருடத்தில் முகவரிக்கும் எண்ணுக்கும் கீழே ஒரு வரி நான் படித்ததில்லை, அடுத்தவர் தபாலைப் படிப்பது அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைவது மாதிரி. அதன்பின் வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று யார் யாரோ அனுப்பினார்கள். எல்லாவற்றையும் பதிந்து, குத்தி, திருப்பினேன். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் விடவில்லை. முகவரி தப்பாகிவிட்டதோ என்று அதே அட்டையை மறுபடி அனுப்பினார். நானும் மறுபடி திருப்பினேன். மூன்றாம் முறையும் அனுப்பினார். நானா சளைப்பேன்?

இதற்கிடையில் நான் எழுதிய ஐந்து பேரிடமிருந்து ஒரு வரி பதிலில்லை. பதினைந்தாம் நாள் நினைவூட்டல் ஒன்று. முப்பதாம் நாள் நினைவூட்டல் இரண்டு. நாற்பத்தைந்தாம் நாள், 'இதற்கும் பதில் வராத பட்சத்தில்' என்று தொடங்கும் இறுதி நினைவூட்டல். அந்த ஐவரில் ஒருவர் பல் மருத்துவர். அந்த மனுஷன் பயந்துபோய் மூன்று அட்டை ஒரே நாளில் அனுப்பியிருக்கிறார். முதல் அட்டையில், "அம்மா, உங்கள் கார்டு கிடைத்தது உண்மை. அதைப் பார்த்து ரசித்ததும் உண்மை. வேறு எந்தத் தப்பும் நான் செய்யவில்லை." இரண்டாவதில், "தயவுசெய்து மேல்நடவடிக்கை வேண்டாம்." மூன்றாவதில் ஒன்றுமே எழுதவில்லை, சிரிக்கிற பல் ஒன்றை வரைந்திருந்தார்.

இப்படியே ஐந்து மாதம் ஓடியபோது பாலத்து அட்டை நான்காம் முறையாக வந்தது. என் முத்திரையும் தபால் நிலையத்து முத்திரையும் விழுந்து விழுந்து அதில் பாலத்தையே காணோம். இந்த முறை படத்துப் பக்கத்திலேயே, வானத்தின் குறுக்கே, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: "இந்தக் கார்டு என்னைவிட அதிகமா ஊர் சுத்திடுச்சு. ஒரே ஒரு தடவை பின்பக்கம் படிங்க. அப்புறம் உங்க இஷ்டம்." கண்ணை மூடிக்கொண்டா திருப்ப முடியும்? படித்துத் தொலைத்தேன். "நான் விடியக்காலையில அடுப்பப் பத்தவைப்பேன். முதல் ரொட்டி வெந்து வாசனை வந்ததும் எதிர்வீட்டு மாடியில ஒரு ஜன்னல் திறக்கும். யாருன்னு பதினாலு வருஷமா தெரியாது, கை மட்டும்தான் தெரியும். உங்க ஜன்னல்லருந்து என்ன தெரியும்?"

என்னை யாரும் இதுவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை, தம்பி. என்னிடம் கேட்டதெல்லாம் 'அந்த ஃபைல் போச்சா', 'இந்த ஃபைல் வந்துச்சா'. பதில் எழுத வேண்டுமே என்று எழுந்து போய்ப் பார்த்தால் ஜன்னல் கொக்கி துருப்பிடித்து இறுகியிருக்கிறது. எண்ணெய் விட்டு, தட்டித் திறந்தேன். எதிரே ஒரு தையல் கடை. வாசலில் தலையில்லாத பொம்மை, அதன் கழுத்தில் அளவு டேப். தையல்காரர் யாரும் பார்க்காதபோது அந்தப் பொம்மையின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

அதோடு வட்டத்தின் செயலாளரிடமிருந்தும் கடிதம். என்மேல் பதினொரு புகாராம்! "அம்மா, நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் உங்களுக்குப் பதில் போட வேண்டியதில்லை. வேறு யாரோ உங்களுக்கு அனுப்புவார். அதுதான் இந்த விளையாட்டு. வட்டத்துக் கார்டுகளில் எண் இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்." இதை முதல் காகிதத்திலேயே விளக்கமாக எழுதினால் என்னவாம்? எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் உட்கார்ந்து, யோசித்து, படம் தேர்ந்தெடுத்து எனக்கு எழுதியதை நான் முத்திரை குத்தி மூஞ்சியில் எறிந்திருக்கிறேன். என் பதிவேட்டில் எண் உள்ள அட்டைகள் இருபத்தாறு. ரொட்டிக்கடைக்காரருடையது கையில் இருக்கிறது. மீதி இருபத்தைந்து பேருக்கும் எழுதினேன்: 'தங்கள் அட்டையைத் தவறுதலாகத் திருப்பி அனுப்பியுள்ளேன். திருப்பி அனுப்பியதைத் திருப்பி அனுப்பவும்.'

அனுப்பினார்களடா! ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பினார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பெண் ஒருத்தி, அதன் உச்சியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியிருக்கிறாள், கீழே போகிறவர்களில் யாருக்கு வழுக்கை விழுகிறது என்று முதலில் தனக்குத்தான் தெரியுமாம், உங்கள் தெருவில் எத்தனை வழுக்கை என்று கேட்டிருக்கிறாள். நீச்சல் குளத்துக் காவலாளி ஒருவர், குளத்தில் யாரும் இல்லாத நேரம் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நாலே வரியில் எழுதியிருக்கிறார், படித்ததும் எனக்குக் கால் நனைந்த மாதிரி ஆகிவிட்டது. சுவரில் கயிறு கட்டி எல்லாவற்றையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். கடிகாரத்தைக் கழற்றி அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டேன்.

இனிதான் விஷயம். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். என் வீடு மூன்றாவது மாடி. இவள் ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி படிப்பாள் போலிருக்கிறது. கடைசி அட்டை வந்த அன்று அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இருபத்தஞ்சும் வந்துடுச்சும்மா. அந்த மீன் கார்டு மட்டும் வரலியே?"

"எந்த மீன் கார்டு?"

"அதான்மா, மூணு நாலு மாசம் முன்னாடி வந்துச்சே. நம்பர்கூட இல்ல. 'அக்கா'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சே."

பதிவேட்டைப் புரட்டினேன். வரிசை எண் பத்தொன்பது. அட்டை எண்: இல்லை. அனுப்புநர் பெயர்: இல்லை. அனுப்புநர் முகவரி: உண்டு, அச்சிட்ட லேபிளில். படம்: மீன். நடவடிக்கை: முத்திரையிட்டுத் திருப்பப்பட்டது. நீ மருந்துபாட்டில் லேபிள் அச்சடிக்கிற ஆள் என்பது அந்த நிமிடம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. குளிக்கப் போனால் ஒரு மணி நேரம் வெளியே வராத உனக்குக் 'கெண்டை' என்று பேர் வைத்ததே நான்தான். என் கையாலேயே 'மீன்' என்று எழுதி வைத்துவிட்டு எனக்குத் தெரியவில்லை பார்.

"அதுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். அடுத்தவர் தபாலைப் படிக்கிறவளிடம், படித்ததைச் சொல் என்று நான் கேட்டேன். எனக்கு வந்த காலத்தைப் பார்த்தாயா!

"அப்படியே ஞாபகம் இருக்கும்மா. 'அக்கா, நீ ஹாஸ்டலுக்கு எழுதின நாப்பத்தாறு லெட்டரும் என்கிட்ட இருக்கு. நம்பர் போட்டிருந்ததால ஒண்ணுகூடத் தொலையல. அன்னிக்கு மைக்ல இதச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சுட்டாங்க. உன் முகத்தப் பார்த்ததும் எனக்கு மீதி மறந்துபோச்சு.' இதப் படிச்சுட்டு நான் ரெண்டாவது மாடிப் படியில உக்காந்துட்டேன்மா. மறுநாளே அதத் திருப்பி அனுப்பச் சொல்லி நீங்க கையில கொடுக்கிறீங்க. படிச்சுட்டுத்தான் திருப்புறீங்கன்னு நெனச்சேன். கல்நெஞ்சக்காரம்மான்னு உங்களுக்குப் பேர்கூட வச்சிருந்தேன்."

"அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"கார்டப் படிக்கிறேன்னு நான் எப்படிம்மா சொல்றது? வேலை போயிடாதா?"

உன் புது முகவரி எனக்குக் கிடைத்த விதம் இதுதான். யாருடைய தபாலைத் திருப்பினாலும் முகவரியைப் பதிந்து வைக்கிற என் கெட்ட பழக்கத்தால் கிடைத்தது. ஆகவே இந்த வட்டத்தால் எனக்கு ஏற்பட்ட சங்கடங்களைக் கணக்கில் கொண்டு, என் பெயரை உடனே நீக்க ஆவன செய்யவும். இனி எனக்கு எந்த அட்டையும் வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் அவசியமில்லை, பெயர் நீக்கப்பட்ட விவரம் மட்டும் ஒரு வரி போதும்.

உன் மனைவிக்கு என் அன்பு. சின்னவள் நன்றாகப் படித்து, தன் அப்பாவைப் போல் மைக்கைப் பிடிக்காமல், நூறு வயது சிரித்து வாழ என் ஆசிகள். நீ வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா
(தபால் பிரிவு, ஓய்வு)

பின்குறிப்பு: தபால்காரப் பெண் வந்துவிட்டாள். கவரைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய், "கவராம்மா? அப்போ எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பாவமாக இருந்தது, நிற்க வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். "பல் டாக்டர் இடம் பிரமாதம்மா. ஆனா சொல்ல வேண்டியத மட்டும் சொல்லவே இல்லையே? இதக் கொண்டுபோய்க் கொடுத்தா அவரு பேர நீக்கிட்டுச் சும்மா இருந்துடுவாரு. பின்னாடி எழுதுங்க, நான் நிக்கிறேன்" என்று பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். ஆகவே, மேற்கண்ட அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. பெயரை நீக்காதே, துறைமுகத்துப் பெண்ணின் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அந்த மீன் அட்டையைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதை மறுபடி அனுப்பு. எண் வேண்டாம். அதைப் படித்தவள் ரெண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்தாளாம். எனக்கு வந்த கார்டு, நானும் ஒருமுறை உட்கார வேண்டாமா? அதன்மேல் நான் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து நீ இத்தனை நாள் என்ன பாடுபட்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, கெண்டை. தப்பு என்னுடையது. 'எங்களைச் சார்ந்தது' என்று ஒரு முத்திரையை எங்கள் பிரிவில் யாரும் செய்து வைக்கவில்லை, அதனால் கையால் எழுதுகிறேன்: நீ எங்களைச் சார்ந்தவன். இன்னொன்று. முப்பத்து நாலு வருடத்தில் முதல்முறையாக, கவரின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி எழுதாமல் அனுப்புகிறேன். உன்னால் இதைத் திருப்பி அனுப்ப முடியாது.