பூ அண்ணைக்கு வெட்கம் வந்த நாள்

ரொறன்ரோவில் வெட்கம் என்ற சாமானே இல்லாமல் நடமாடிய ஒரே மனிதர் பூ அண்ணைதான். அவர் படவேண்டிய வெட்கம் முழுவதையும், டோர்செட் பார்க்கில் அவருக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டில் குடியிருந்த பாவத்துக்கு, நான் பட்டுத் தீர்த்தேன்.

காலைப் பூசைக்கு அவருக்குப் பூ வேண்டும். கடைப் பூ ஆகாது. "வாற சனமெல்லாம் மூக்கை விட்டு மணந்து பாத்திட்டுத்தானே வைக்குது? மணந்த பூவைச் சாமிக்கு வைக்கலாமோ?" என்பார். தன் மூச்சுக்காற்றுக்கூடப் படாமல், வாயையும் மூக்கையும் சால்வையால் கட்டிக்கொண்டு, தானே பறித்தால்தான் அவருக்கு அது பூ.

கோடையில் பால்கனிச் செவ்வந்தியோடு சமாளித்துவிடுவார். ஒக்டோபரில் உறைபனி விழுந்து எல்லாம் கருகியபிறகு மிஞ்சுவது காட்டு அஸ்டர் ஒன்றுதான். ஊதா இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு; சூரியகாந்திக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, ஆனால் குளிருக்கு அஞ்சாதவள். எங்கே கண்டாலும் அண்ணை குனிந்துவிடுவார். ஒருமுறை பஸ்ஸை மறித்து, "ஒரு நிமிசம் ட்ரைவர், சாமிக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பறித்தார். பஸ்ஸுக்குள் இருந்த நான் தமிழே தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஒரு விடியற்காலை போன் வந்தது.

"தம்பி, ஒருக்கா பின் றோட்டுக்கு வாரும். ரெண்டு பொலிஸ் நிக்கினம். சாமிக்குப் பூப் புடுங்கினாக் களவில்லை எண்டு உவைக்கு இங்கிலீசில சொல்லும்."

ஓடினேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டு முன்வளவில், அஸ்டர்ப் பூக்களுக்கு நடுவே, கொள்ளைக்காரன்போல் முகத்தைக் கட்டியபடி அண்ணை. கையில் கூடை.

"அண்ணை, முதல்ல அந்தச் சால்வையைக் கழட்டுங்கோ!"

"கழட்டினா மூச்சுப் படும் தம்பி. பூப் பழுதாப் போடும்."

என் மானம் கப்பலேறியது. யாழ்ப்பாணத்துப் பூக்களவுச் சட்டத்தைப் பொலிசுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலைமை எந்த மனிதனுக்கும் வரக்கூடாது.

பொலிசைக் கூப்பிட்டது முகம் கட்டிய ஆளைக் கண்டு பயந்த பக்கத்து வீட்டுக்காரர்; கிழவி கோபிக்கவேயில்லை. பூவுக்காக வருத்தமில்லை, ஆனால் குளிர் இறுகுமுன் தேனீக்களுக்கு இதுதான் கடைசிச் சாப்பாடு, அதற்காகத்தான் வளர்க்கிறேன் என்றாள். அதையும் அண்ணைக்குச் சொன்னேன்.

பொலிசுக்கே நிமிர்ந்து நின்ற மனுசன் சால்வையை மெல்ல அவிழ்த்தார்.

"தேனீயளின்ர சாப்பாட்டையோ தம்பி நான் பறிச்சுப் படைச்சனான்?"

குனிந்த தலை நிமிராமல் வீடு வந்தார். அந்த வருடத்தின் மிச்சம் முழுக்க வெறும் தண்ணீர் வைத்துத்தான் பூசை. இந்த ஆளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரக்கூடாதா என்று எத்தனையோ நாள் வேண்டியவன் நான். வந்தபிறகோ பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு ரொறன்ரோவுக்கு வெளியே, விட்பியில் நான் வீடு வாங்கியதும் முன்வளவுப் புல்லைக் கிளறிவிட்டு அஸ்டர் விதைத்தேன். தெரு முழுக்கப் புல் ஒட்ட வெட்டியிருக்க, என் வளவு மட்டும் பற்றை. அயலார் முறைக்கிறார்கள், மனைவி வாசலில் தலைகாட்டுவதில்லை. இந்த ஒக்டோபரில் அண்ணையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பூவைக் கண்டதும் தயங்கி நின்றார். "அப்ப தேனீயளுக்கு?"

"வளவு முழுக்கப் பூத்துக் கிடக்கு. அவைக்கும் காணும் அண்ணை, உங்களுக்கும் காணும். புடுங்குங்கோ."

சால்வையை எடுத்துக் கட்டினார். எதிர்வீட்டு யன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளே போகாமல், அவருடைய கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.