எக்ஸ் என்கிற மாப்பிள்ளைக்கு என்ன வயது?

சாந்தோம்,
1946 ஆகஸ்டு

அன்புள்ள தம்பி ஆரோக்கியநாதனுக்கு அக்காள் மர்சலின் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம்; உன் மாமாவின் வாயும் சுகம். உன் பெண்டாட்டி உன்னைப் பேச விடுகிறாளா என்பதற்குப் பதில் எழுதவும்.

நிற்க. நம் ஆலிசுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் சேவியர், துறைமுகத்தில் வேலை, கோயில் பாட்டுக்காரன். எல்லாம் பொருத்தம், வயதுதான் தெரியவில்லை. நம் பெண்ணோ, "முப்பதைத் தாண்டினவன்னா எனக்கு வேணாம், கன்னியாஸ்திரி மடத்துக்குப் போய்டுவேன்" என்று ஒரே பிடிவாதம். ஞாயிறு பூசை முடிந்ததும் பையனைப் பெற்ற அல்போன்சாவை வாசலில் மடக்கிக் கேட்டேன். கணக்கு டீச்சரம்மா அல்லவா, நேராகச் சொன்னால் நாக்குத் தேய்ந்துவிடும். "எங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டினா எழுபத்தாறு. அவனுக்கு நான் இருபது வயசு மூத்தவ. மீதியை ஊட்ல போய்ப் போட்டுப் பாரு" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். உன் மாமா மூன்றாம் பாரம் படித்தவர் என்று சொல்லித்தானே என்னை அவர் தலையில் கட்டினீர்கள், அந்தப் படிப்புக்கு இப்போதுதான் வேலை வந்தது. சாக்கட்டியை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். "பையன் வயசு தெரியல. அதால எக்ஸ்னு வச்சிக்கோ" என்றார். சேவியர் என்பதை இங்கிலீஷில் அந்த எழுத்தில்தான் தொடங்குவார்களாமே, அதைச் சுருக்கிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வரப்போற மாப்பிள்ளையை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, இன்னா மரியாதை இது?" என்றேன். "அடியே, அல்ஜிப்ராவுல தெரியாததெல்லாம் எக்ஸ்தான்டி!" "அப்ப கலியாணத்தன்னிக்கு எனக்கு நீங்களும் எக்ஸ்தான்" என்றேன். முறைத்துவிட்டு எழுதினார். பையன் ஒரு எக்ஸ், அம்மா ஒரு எக்ஸும் இருபதும். ஆக இரண்டு எக்ஸும் இருபதும் சேர்ந்தால் எழுபத்தாறு. இதுவரை நன்றாகத்தான் போனது. "இப்ப இந்த இருபதைத் தூக்கி அந்தப் பக்கம் போடறேன் பாரு" என்று தூக்கிக்கொண்டு போய் எழுபத்தாறோடு கூட்டிவிட்டார். தொண்ணூற்றாறு. பாதி நாற்பத்தெட்டு. அதுதான் மாப்பிள்ளையின் வயது என்று தீர்ப்பு. எனக்கே அவனைவிடக் குறைச்சல், தம்பி! "மாப்பிள்ளையை நான் அண்ணான்னு கூப்பிடணும் போல கீதே" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, சமையலறையில் பாத்திரம் உருண்டது. "நைனா! அந்தப் பக்கம் போனா இருபதைக் கழிக்கணும்! குறியை மாத்தலியே நீ!" என்று கத்திக்கொண்டு ஆலிஸ் ஓடி வந்தாள். முந்தானையால் தொண்ணூற்றாறை அழித்தாள், ஐம்பத்தாறு போட்டாள், பாதியாக்கினாள். "இருபத்தெட்டு! அம்மாவுக்கு நாப்பத்தெட்டு. கூட்டிப் பாரு, எழுபத்தாறு." முகமெல்லாம் பல். "மடத்துக்குப் போறவளுக்கு இன்னாடி இவ்ளோ அவசரம்?" என்றேன். சாக்கட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஆகவே வரும் ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்கச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. குடும்பத்தோடு வந்து சேரவும். தேவதாய் உங்கள் எல்லாரையும் காப்பாளாக, உன் தலையில் மிச்சமிருக்கும் முடியையும்.

இப்படிக்கு,
உன் அக்காள் மர்சலின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அல்போன்சாவின் நாத்தனார் வந்தாள். "அண்ணிக்கு நாப்பத்தெட்டா? ஜெர்மன் சண்டை ஆரம்பிச்ச வருஷமும் அதைத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. ஏழு வருஷமா அங்கியே நிக்கிறாங்க" என்கிறாள். இருபது வயது மூத்தவள் என்பது மட்டும் நிஜமாம். அப்படியானால் அவளுக்கு ஐம்பத்தைந்து, பையனுக்கு முப்பத்தைந்து. ஓலையை நிறுத்திவிட்டு உன்னையும் வரவேண்டாம் என்று எழுதட்டுமா என்று ஆலிசைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே அளவு கூட்டினா கணக்கு கெடாதும்மா. அவர் வயசுல ஏழு ஏறிச்சுன்னா, நான் சொன்ன முப்பதுலயும் ஏழை ஏத்திக்கோ" என்கிறாள்.