கேட்டைத் தாண்டாத சங்கம்

ஒரு எண்ணெய் மில்லை இழுத்து மூட முதலாளிதான் வேண்டும் என்றில்லை. நான் ஒரு மில்லை மூடியிருக்கிறேன். அப்போது நான் சங்கச் செயலாளர்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில், வேட்டவலம் சாலையில், கடலை எண்ணெய் மில். நாற்பது பேருக்கு வேலை. எனக்கு எடை எழுதுகிற வேலை, வயது இருபத்திரண்டு. கையெழுத்து அழகாக இருக்கிறதென்று செயலாளர் ஆக்கினார்கள். (அறிவைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.) என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன் ஏகாம்பரம் மாமா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மிஷின் ஓட்டுவார். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவும் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

மிஷினில் கை நசுங்கிய கண்ணப்பன் வைத்தியச் செலவு கேட்டான். முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். நாங்கள் ஸ்டிரைக்கில் இறங்கினோம். அது நியாயமான ஸ்டிரைக், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் என் மேல்தான்.

வெறும் கோஷம் போட்டால் நாலே நாளில் ஆட்கள் நழுவிவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் மில் கேட்டுக்கு எதிரே, மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராக அதை அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். "கண்ணப்பன் மறுபடி வேலையில் நிற்கும்வரை எங்களில் ஒருவரும் இந்த கேட்டைத் தாண்ட மாட்டோம்!" வாசகம் என்னுடையது. கண்ணப்பனும் நல்ல கையால் ஓங்கி அடித்தான். எனக்குப் புல்லரித்தது. (கழுதை!)

பதினோராம் நாள் முதலாளி இறங்கி வந்தார். உள்ளே கடலை மூட்டைகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்தார்.

"கண்ணப்பன சேத்துக்கிறாராம். வைத்தியச் செலவும் தராராம். உள்ள வந்து கையெழுத்து போட்டுட்டு வேலைய பாருங்கன்னு சொல்றாரு."

ஒருவரும் அசையவில்லை. கண்ணப்பன் என்னிடம் வந்தான்.

"உள்ள போனாதான் நான் வேலைல நிக்க முடியும். வேலைல நின்னாதான் உள்ள போலாம். இப்ப இன்னாங்க செய்றது?"

செயலாளர் மூளை வேலை செய்தது. முதலாளியே பேப்பரோடு ரோட்டுக்கு வரட்டும், கண்ணப்பனுக்கு கேட்டுக்கு வெளியே கூட்டுகிற வேலையாவது கொடுக்கட்டும், பிறகு எல்லோரும் உள்ளே வருகிறோம் என்று சொல்லியனுப்பினேன். மாடி ஜன்னலிலிருந்து முதலாளியே கத்தினார்.

"என் மில்லுக்கு நான் ரோட்ல நின்னு கையெழுத்து போடணுமா? பதினோரு நாளா அசிங்கப்படுத்தினது பத்தலையா?"

அப்போதுதான் மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் போறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். ஒருத்தன் போனா எல்லாரும் வந்துடுவாங்க."

நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். "செயலாளரோட மாமாவே சத்தியத்த மீறினா என் மூஞ்சில காறித் துப்புவாங்க மாமா!"

சட்டை தோளோடு கிழிந்தது. மாமா கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். முதலாளி கேட்டைப் பூட்டச் சொன்னார்.

அந்தப் பூட்டை அடுத்தமுறை திறந்தது மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றுவதற்காக. முதலாளி யாருடைய லாட்ஜிலோ மேனேஜராக உட்கார்ந்தார். பௌர்ணமிக் கூட்டத்தில் எதிரே வந்தால் அவரும் தலையைக் குனிந்துகொள்வார், நானும் குனிந்துகொள்வேன். ஒற்றைக் கை கண்ணப்பனை எந்த மில்லும் சேர்க்கவில்லை. மாமா பெங்களூர் மார்க்கெட்டில் எட்டு வருஷம் மூட்டை தூக்கி, இடுப்பு விட்டுப்போய் ஊர் திரும்பினார். நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் அவர் பத்தே அடியில் உள்ளே போயிருப்பார்.

இப்போது அவரால் எழுந்து நடக்க முடியாது. நான் போய் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கட்டிலில் இருந்தபடி குரல் கொடுப்பார்.

"தைரியமா உள்ள வா மச்சான்! இங்க யாரும் கற்பூரம் அடிக்கல!"

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். அக்கா மட்டும் இதுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.